ஐந்து சொல்லுக்கு மேல் போகாமல்

போன மார்கழியில் மருமகள் பெட்டியைப் பிரித்து மேசை மேல் வைத்த மெஷினைப் பார்த்ததும் எனக்குக் கரும்பு ஜூஸ் வண்டிதான் ஞாபகம் வந்தது. இரண்டு உருளை, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, இந்தப் பக்கம் செருகினால் அந்தப் பக்கம் நசுங்கி வெளியே வரும். இஞ்சியும் எலுமிச்சம்பழமும்தான் பாக்கி.

"டை கட்டிங் மெஷின், அத்தை. ஹேண்ட்மேட் கார்டு பண்றதுக்கு" என்றாள்.

விலை கேட்டேன். எட்டாயிரத்துச் சொச்சமாம். சொச்சம் எவ்வளவு என்று கேட்கவில்லை. கையால் கார்டு செய்வதற்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மெஷினா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் கையால் கார்டு செய்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குக் காரணம் கலை ஆர்வம் இல்லை, அப்பாவின் சம்பளம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், 1980-ஐ ஒட்டிய வருஷங்கள். மார்கழி பிறந்ததும் கடைவாசல்களில் கயிறு கட்டி, துணிக்கு மாட்டுகிற கிளிப்பில் பொங்கல் வாழ்த்துகள் தொங்க ஆரம்பிக்கும். எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல், வேலோடு முருகன், பானை பொங்குவதைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிற பெண், அலங்கரித்த ஜோடி மாடு. ஜிகினாத்தூள் தூவியது என்றால் தனி விலை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கப் போய் அச்சுத்தொழிலில் பேர்வாங்கிய சிவகாசி எங்களுக்குப் பக்கத்து ஊர். தமிழ்நாட்டுக்கே வாழ்த்து அடித்து அனுப்புகிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் மட்டும் வெண்டைக்காயை வைத்து அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

அப்பாவின் டைரியில் 42 விலாசங்கள். ஆகக் குறைந்த நாலணா கார்டு வாங்கினாலும் பத்தரை ரூபாய், தபால்தலை தனி. அப்பா கணக்குப்பிள்ளை. பத்தரை என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, கொஞ்ச நேரம் பார்த்தார். "நாமளே செஞ்சா என்ன?" என்றார். அதை ஏதோ திருவிழா அறிவிப்பு மாதிரி சொன்னார். அண்ணனுக்கும் அக்காவுக்கும் எனக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் ரஜினி கார்டு மாற்றிக்கொள்ளும்போது நான் வெண்டைக்காய்ப் பூ கார்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்த வருஷமும் உண்டு.

மருமகளிடம் இப்போது பேட்டர்ன் பேப்பர் என்று ஒரு அடுக்கு இருக்கிறது. பன்னிரண்டு அங்குலச் சதுரத் தாள்கள், புள்ளி போட்டது, கோடு போட்டது, பூப் போட்டது, பழைய செய்தித்தாள் மாதிரி அச்சிட்டது. கடைசியாகச் சொன்னதை நான் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். பழைய பேப்பர்க்காரர் எடைக்கு எடுத்துப் போவதையே புதுசாக அச்சடித்துத் தாள் கணக்கில் விற்கிறார்கள். எங்களுக்குப் பேட்டர்ன் பேப்பர் மாமாவின் டிபன் பையில் வரும். மாமாவுக்கு சிவகாசியில் பிரஸ் வேலை. பட்டாசு லேபிளின் ஓரத்தை வெட்டித் தள்ளிய துண்டு, நோட்டு அட்டையின் மிச்சம், கல்யாணப் பத்திரிகையில் நிறம் சேராமல் ஒதுக்கியது. லட்சுமி வெடியின் பாதி, அதன் பின்னால் மயில்கழுத்து நீலம், அப்புறம் ஒரு தங்க பார்டர். அதை ஒழுங்காக வெட்டி ஓரத்தில் ஒட்டினால் கார்டுக்குக் கரை கட்டினது போல இருக்கும். பெரியப்பாவுக்குப் போன ஒரு கார்டின் மூலையில் "தூரத்தில் வைத்துக் கொளுத்தவும்" என்ற எச்சரிக்கையும் சேர்ந்து போய்விட்டது.

டை என்ற சொல்லும் எனக்குப் புதிதில்லை. மாமா வாயில் தினமும் அடிபடுகிற சொல்தான். பிளைவுட் பலகையில் எஃகுப் பட்டையை வடிவத்துக்கு வளைத்துச் செருகுவார்கள், தீப்பெட்டி அட்டையும் பட்டாசுப் பெட்டியும் அதில்தான் ஒரே அமுக்கில் வெட்டுப்படும். "டை அடிக்கப் போனேன்" என்று அவர் சொன்னால் கைவிரல் பத்தும் இருக்கிறதா என்று பாட்டி பார்ப்பாள். அந்த டை இப்போது பிளேடு கனத்தில், உள்ளங்கை அகலத்தில், பட்டாம்பூச்சி வடிவத்தில் மருமகளின் காந்தத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாளின் மேல் டையைக் கவிழ்த்து, மேலும் கீழும் கனமான பிளாஸ்டிக் பலகை வைத்து, உருளைக்குள் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நடுவில் 'படக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை நான் பயந்து கையை விட்டுவிட்டேன். "அப்படித்தான் அத்தை சத்தம் வரும், சுத்துங்க" என்றாள். வெளியே வந்ததும் டைக்குள் சிக்கியிருந்த பட்டாம்பூச்சியை ஊசி முனையால் நெம்பி எடுத்தோம். மீசை கூட ஒடியவில்லை.

சரி, இது நல்ல கருவிதான் என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு அடுத்து அவள் எடுத்த டைதான் என்னைப் பேசவிடாமல் செய்தது. நீள்சதுரம். அதில் வெட்டினால் தாளின் நாலு ஓரத்திலும் கையால் தையல் போட்டது போல நுணுக்கமாகப் புள்ளி விழும். இன்னொன்றில் வெட்டினால், ஸ்கேல் இல்லாதவன் தாளை மடித்து நாவால் ஈரமாக்கிக் கிழித்த மாதிரி ஓரம் பிசிறாக வரும். எங்கள் கார்டு பூராவும் அப்படித்தான் இருந்தது. அண்ணனை அப்பா திட்டியதெல்லாம் அந்தப் பிசிறுக்குத்தான். அதை எஃகில் செய்து, துல்லியமாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பிசிறடிக்க வைக்கிறார்கள்.

வெண்டைக்காய் விஷயத்துக்கு வருகிறேன். அது பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை. பிஞ்சு உதவாது, அமுக்கினால் நசுங்கிவிடும். முற்றல்தான் வேண்டும், அம்மாவும் அதைத்தான் தருவாள், பிஞ்சு பொரியலுக்கு. அதையும் வெட்டின கையோடு மையில் முக்கக் கூடாது. அந்தக் கொழகொழப்பு மையை ஒட்டவிடாது. ராத்திரியே குறுக்கே வெட்டித் தட்டில் கவிழ்த்து வைத்தால் காலையில் சதை கொஞ்சம் உள்வாங்கி, விளிம்பு மட்டும் எடுப்பாக நிற்கும். சாஸரில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் போட்டு, அதில் பிரில் மை. வெண்டைக்காயைத் தொட்டு, முதல் அச்சை சாணித்தாளில் வைத்து மிச்ச மையைக் கழித்துவிட்டு, இரண்டாவது அச்சைத்தான் கார்டில் வைக்க வேண்டும். ஐந்து இதழ்ப் பூ, உள்ளே ஐந்து அறை, அறைக்கு ஒரு விதை. ஒரு காய்க்கு முப்பது பூ வரை தாங்கும். அப்புறம் அது பூவாக இருக்காது, மாவாட்டின சுவடு போல ஆகிவிடும்.

உருளைக்கிழங்கு அண்ணன் பொறுப்பு. அவனுக்கு எழுத்து செதுக்க ஆசை. கிழங்கைப் பாதியாக வெட்டி, பிளேடால் 'பொங்கல்' என்று ஒரு மத்தியானம் பூராவும் செதுக்கினான். அடித்துப் பார்த்தால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ப மட்டும்தான் தப்பித்தது, அது எந்தப் பக்கம் திரும்பினாலும் ப. ஆறு கார்டு வீணாகிவிட்டது. அண்ணன் வீணாக விடவில்லை. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி வைத்திருக்கிற ஆறு உறவினர்களைப் பொறுக்கி அவர்களுக்கு அனுப்பினான்.

சூரியன் வரைவதில் வேறு ஆபத்து இருந்தது. எந்தக் குழந்தையைக் கூப்பிட்டு சூரியன் வரையச் சொன்னாலும் இரண்டு மலை போட்டு நடுவில்தான் உதிக்க வைக்கும். நாங்களும் அப்படியே வரைந்தோம். எம்.ஜி.ஆர். ஆட்சி நடந்த காலம். அவருடைய தீவிர ரசிகரான ஒரு சித்தப்பா, "கட்சி விளம்பரத்தை என் வீட்டுக்கு அனுப்பறியா?" என்று அப்பாவுக்குப் பதினைந்து காசு கார்டில் பதில் போட்டார். மறு வருஷம் சூரியனே வேண்டாம் என்று, இலையை அட்டை மேல் வைத்து, பல்துலக்குகிற பிரஷை மையில் தொட்டுச் சீப்பின் மேல் தேய்த்துச் சாரல் அடித்தோம். இலையை எடுத்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, இலை வடிவத்தில் நிற்கும். அழகான வேலை. ஒரு கார்டுக்கு ஒரு இலை வைத்திருக்கலாம். அக்கா இரண்டு வைத்துவிட்டாள். இந்தத் தடவை கோபம் தி.மு.க. பெரியப்பாவிடமிருந்து வந்தது.

ஒட்டுவதற்கு மைதாப் பசை. காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி தின்றுவிடும். ஒரு வருஷம் அதைப் போட மறந்து, மெட்ராஸுக்குப் போன கார்டு சல்லடையாகப் போய்ச் சேர்ந்தது. காய்ச்சி இறக்குவதற்குள் ஈ மொய்க்கும், அதை ஓட்டுவது என் வேலை. மருமகள் பசையே தொடுவதில்லை. வாஷி டேப் என்று அலங்காரக் காகித நாடா ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறாள். அதைப் பிரபலப்படுத்திய ஜப்பான் நிறுவனம் கமோய் 1923-இல் குராஷிகி நகரத்தில் ஈ பிடிக்கிற ஒட்டுக்காகிதம் செய்துதான் தொழில் ஆரம்பித்தது. படித்தபோது எனக்கு அவர்கள் மேல் ஒரு பங்காளிப் பாசமே வந்துவிட்டது.

எல்லாம் முடிந்ததும் கடைசி வேலை அப்பாவுடையது. எழுதுவது.

அப்போது வாழ்த்தை புக் போஸ்டில் அனுப்பினால் தபால் செலவு குறைவாக இருந்தது. கவரை ஒட்டக் கூடாது, மடலை உள்ளே செருகி மேலே 'புக் போஸ்ட்' என்று எழுத வேண்டும். கையெழுத்து போக ஐந்து சொல்லுக்கு மேல் கையால் எழுதினால் அது கடிதம், டியூ போட்டு வாங்குகிறவரிடம் இரண்டு பங்கு பிடித்துவிடுவார்கள் என்று எங்கள் தபால்காரர் சொல்லிவைத்திருந்தார். ஐந்து சொல்லில் ஒரு வருஷத்துச் சேதியைச் சொல்ல வேறு எந்த பாஷைக்காரனாலும் முடியாது. அப்பாவுக்குத் தமிழ் இருந்தது. இடம் விட்டால்தான் இரண்டு சொல், சந்தி சேர்ந்துவிட்டால் ஒரே சொல் என்பது அவர் கட்சி. ஸ்டீல் நிப் பேனாவில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் எழுதுவார்:

"அனைவர்க்கும் பொங்கல்நல்வாழ்த்துகள். பசுகன்றீன்றது. பெரியவளுக்குவரன்பார்க்கிறோம். தைபிறந்ததும்வருகிறேன்."

எண்ணிப் பாருங்கள், ஐந்துதான். (வாழ்த்துக்கு 'க்' போடமாட்டார். போட்டாலும் எண்ணிக்கை கூடாது, இருந்தாலும் போடமாட்டார்.) தபால்காரர் ஒரு தடவை கவருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், பெரியவளுக்குவரன்பார்க்கிறோம், இது ஒரு சொல்லா?" என்று கேட்டார். "பிரிச்சாத்தான் மூணு. நான் பிரிக்கலையே" என்றார் அப்பா. தபால்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு முத்திரை குத்த எடுத்துக்கொண்டு போனார். அந்த நாலாவது சொல்லை ராஜபாளையத்தில் சித்தி படித்தாள். சித்திரையில் வரனோடு வந்தாள். அக்காவுக்கு இப்போது பேரன் கல்லூரியில் படிக்கிறான்.

மருமகளின் கார்டில் எழுத்தும் ஸ்டாம்ப்தான். கண்ணாடி போலத் தெரிகிற ஒரு ரப்பர், அதை அக்ரிலிக் கட்டையில் ஒட்டி, மையில் தொட்டு வைப்பது. எல்லாம் ஆங்கில வாசகம். தமிழில் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததால் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் சொல்லிச் செய்தோம். அவர்களுக்குக் கைவந்த எழுத்து ஒன்றுதான் போலிருக்கிறது. அடித்துப் பார்த்தால் 'இனிய பொங்கல் வாழ்த்து' என்பது பழைய சாதிச் சான்றிதழின் அடியில் இருக்கிற முத்திரை மாதிரியே நிற்கிறது. கீழே ஒரு கையெழுத்தும் தேதியும் போட்டால் தாலுகா ஆபீஸில் செல்லும்.

அதைக் காப்பாற்றியது பொடி. ஈரம் காயாத மையின் மேல் எம்பாஸிங் பவுடர் என்று தங்க நிறத்தில் ஒரு தூளைத் தூவினாள். கார்டைச் சாய்த்துத் தட்டினாள், எழுத்தில் ஒட்டினது போக மீதி தாளில் விழுந்தது, அதை அப்படியே மறுபடி டப்பாவில் கொட்டிக்கொண்டாள். அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஹீட் கன்னை எடுத்துக் காட்டினாள். சில நொடி ஒன்றும் நடக்கவில்லை. மணல் போலச் சொரசொரவென்று கிடந்த தூள் 'இ'யின் சுழியில் ஒரு ஓரமாக நனைந்தது போல ஆயிற்று. அந்த ஈரம் எழுத்தோடு எழுத்தாக ஓடி, உறைந்த நெய் உருகுகிற மாதிரி, வாழ்த்தின் 'து' வரைக்கும் போய் மினுங்கி நின்றது. விரலால் தடவினால் மேடு தட்டுகிறது. அப்பா இதைப் பார்க்கவில்லையே என்று இருந்தது. உடனே, இந்த டப்பா என்ன விலை என்று கேட்டிருப்பார் என்றும் தோன்றியது.

என் பழைய கார்டு ஒன்றை அவளிடம் காட்டினேன். பழுத்துப்போன அட்டை, நீல வெண்டைக்காய்ப் பூ மூன்று. அவள் கண் விரிந்தது. "வின்டேஜ், அத்தை! இந்த மாதிரி ஸ்டாம்ப் செட் நான் பார்த்திருக்கேன், விலை ஜாஸ்தின்னு விட்டுட்டேன்." சமையலறைக் கூடையில் அரைக்கிலோ கிடக்கிறது என்றேன். சிரித்தாள். வெட்டியும் பார்த்தாள். ராத்திரியே வெட்டி வைக்கணும் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. பூ வழிந்துவிட்டது. "இதுல கன்சிஸ்டன்சி இல்லை அத்தை" என்றாள். அது உண்மைதான்.

மூன்று வாரம் உட்கார்ந்து இருபது கார்டு செய்தோம். ஒரு கார்டுக்கு ஏழெட்டு அடுக்கு. அடித் தாள், மேல் தாள், தையல் போட்ட சட்டம், பானை, பானையின் கீழே அதைத் தூக்கி நிறுத்த ஸ்பாஞ்சு நாடா, கரும்பு, கரும்புக்குத் தோகை, தோகையில் பளபளப்பு. பின்பக்கம் 'கையால் செய்தது' என்று ஒரு ஸ்டாம்ப், அதுவும் ஆங்கிலத்தில்தான். ஆளுக்கு ஒன்று அனுப்பலாம் என்று பார்த்தால் ஒருத்தர் விலாசத்தையும் நாங்கள் எழுதி வைத்திருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டோம். "ஏன், என்ன விசேஷம்?" என்று பதினோரு பேர் திரும்பக் கேட்டார்கள். ஒரு மச்சினர், வீட்டில் யாருக்காவது கல்யாணம் கூடிவிட்டதா என்று போனே போட்டுவிட்டார். அலுத்துப்போய் மருமகள் கார்டையெல்லாம் கோலத்தின் மேல் பரப்பி வைத்துப் போட்டோ எடுத்து, குடும்பக் குழுவில் போட்டாள். நாற்பது கைகூப்பு வந்தது. பத்தொன்பது கார்டு இன்னும் டப்பாவில் இருக்கிறது. யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை என்கிறாள். எனக்கும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்பதே எழுதுவதிலிருந்து தப்பிக்கப் பிறந்ததுதான். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரிக்குக் கிறிஸ்துமஸ் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. நண்பரான ஓவியர் ஜான் ஹார்ஸ்லியைப் படம் வரையச் சொல்லி, ஆயிரம் பிரதி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்ட வைத்தார். யாருக்கு, யாரிடமிருந்து என்று பேர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தது. தான் அனுப்பியது போக மிச்சம் ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்குப் போனது. தபாலை மலிவாக்கிய ஒரு பென்னித் தபால் திட்டத்திலும் பங்கு கொண்டவர் அவர். அதனால் வந்து குவிந்த கடிதங்களுக்குத்தான் பதில் சொல்ல முடியாமல் போயிற்று. இவரை அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுக்கு எவ்வளவு என்று தகராறு செய்திருப்பார்.

இருபதில் ஒன்றை மட்டும் அனுப்பினோம், ராஜபாளையம் சித்திக்கு. அவள் விலாசம் எனக்கு மனப்பாடம், அவளும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். பானை புடைத்துக்கொண்டிருந்ததால் சாதாரணக் கவருக்குள் போகவில்லை. அட்டை வைத்து, குமிழித் தாள் சுற்றி, கூரியரில் போட்டோம். அந்தச் செலவில் அப்பா ஒரு தலைமுறைக்கு வாழ்த்து அனுப்பியிருப்பார்.

போகிக்கு முதல் நாள் சித்தி போன் செய்தாள். எண்பது தாண்டிவிட்டது, இன்னும் குரலில் கண்டிப்பு குறையவில்லை.

"கார்டு வந்துச்சுடி. தடவிப் பார்த்தேன், பானை கையில தட்டுது, கரும்பு தட்டுது. நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "உள்ளே திறந்தா ஒண்ணுமே எழுதக் காணோமே? வெறுமனே இருக்கு. வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க? எங்கிட்ட எதையும் மறைக்கலையே?"

நல்லாத்தான் இருக்கிறோம் சித்தி என்று மூன்று தடவை சொன்னேன். இரண்டாவது தடவை வரைக்கும் அவள் நம்பவில்லை. போனை வைத்துவிட்டு மருமகளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, அதுக்குன்னே தனியா ஸ்டாம்ப் இருக்கு அத்தை. உள் பக்கம் அடிக்கிற வாசகம். நாலு வரி, அஞ்சு வரின்னு செட்டாவே வரும்" என்று போனை எடுத்தாள்.

ஆர்டர் போட்டாயிற்று. மாட்டுப் பொங்கலுக்குள் வந்துவிடுமாம்.